ஊரும் காவலும்: மட்டக்களப்பு வாவிக்கரை வரலாறு புகட்டும் பாடம்

 



ஓர் ஊரில் கொலை நடந்து முடிந்த பின்னர் பொலிஸ் வருகிறது, நீதவான் வருகிறார், ஜனாஸா வீட்டு வாசலில் சனம் கூடுகிறது. அப்போது எல்லோருடைய வாயிலும் ஒரே பேச்சுத்தான்: “இது இப்படி முடியும் என்று எங்களுக்கு முன்னரே தெரியும்.” தெரிந்திருந்தும் ஏன் தடுக்க முடியாமற் போயிற்று என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. அந்த விடையை நம்முடைய மட்டக்களப்பு வாவிக்கரையின் வரலாற்றிலேயே தேடிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரைக்காயரும் வண்ணக்கரும்

வாவியின் நடுவே அமைந்திருக்கும் புளியந்தீவில் 1628ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கச்சேரி நீண்ட காலம் அக்கோட்டைக்குள்ளேயே இயங்கியது. ஆட்சியாளர் கோட்டைக்குள் இருந்தனரே தவிர, ஊர்களின் அன்றாட அமைதியைக் காத்தவர்கள் ஊர்களுக்குள்ளேதான் இருந்தனர். முஸ்லிம் ஊர்களில் குடிவழியாகத் தெரிவு செய்யப்பட்ட மரைக்காயர்மார் பள்ளிவாசலையும் பரிபாலித்தனர், பிணக்குகளையும் தீர்த்தனர். தமிழ் ஊர்களில் கோயில் வண்ணக்கர்மாருக்கு அதே மதிப்பு இருந்தது. அவர்களோடு விதானைமாரும் இருந்தனர். எல்லையில் ஒரு மாடு வெட்டப்பட்டாலும், வாய்க்கால் நீருக்காக மண்வெட்டி ஓங்கப்பட்டாலும், இரு தரப்புப் பெரியவர்களும் அன்றிரவே சந்தித்துப் பேசுவர். விடியுமுன் விஷயம் ஆறிவிடும்.

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்த பின்னர், 1866இல் கேம்பல் என்பவரின் தலைமையில் இலங்கைப் பொலிஸ் இன்றைய வடிவத்தைப் பெற்றது. எனினும் கிராமங்களில் பொலிஸ் விதானை என்ற பதவி தொடர்ந்தது. அவர் அவ்வூரிலேயே பிறந்தவர். யார் வீட்டுப் பிள்ளை எப்படி என்பதை அறிந்தவர். 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, கிராம சேவையாளர் முறை நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் சாதிச் செருக்கும் செல்வாக்குள்ளோரின் பாரபட்சமும் இருந்தமையால் அது நீங்கியதில் நியாயமுண்டு. ஆனால் அதனோடு, ஊருக்கும் அரசின் காவலுக்கும் இடையே இருந்த பாலமும் தளர்ந்தது. பொலிஸ்காரர் வேறு மாவட்டத்திலிருந்து வந்தார். பலருக்கு ஊர் மொழி தெரியாது. முறைப்பாடு ஒரு மொழியில் சொல்லப்பட்டு, மற்றொரு மொழியில் எழுதப்பட்டது.

1990: காவல் இல்லாத கரை

1990ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சூழ்ந்தனர். எதிர்க்காமற் சரணடையுமாறு மேலிடத்துக் கட்டளை வந்தது. சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸாரில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மாகாணத்தில் சட்டத்தின் காவல் என்ற ஒன்று சில நாட்களிலேயே கலைந்துபோயிற்று.

அதன் பின்னர் நடந்தவற்றை நம் வீடுகளில் இன்றும் கண்ணீரோடு நினைவுகூருகிறோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதற்கடுத்த செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவேயில்லை. நாம் நம் ஷஹீதுகளுக்காக அழுகின்றபோது, அந்தத் தாய்மாரின் கண்ணீரையும் மறந்துவிடலாகாது.

சட்டம் கலைந்த இடத்தை ஆயுதம் நிரப்பியது. முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படையினருக்குத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. பயந்து கிடந்த மக்களுக்கு அது பாதுகாப்பாகத் தோன்றியது உண்மையே. ஆனால் 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தில் நிகழ்ந்ததை நாம் மறைத்துப் பேசக் கூடாது. அன்று அழிஞ்சிப்பொத்தானையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றனர். அதே நாள், பழிவாங்கப் புறப்பட்ட ஊர்காவல் படையினரில் சிலர் அயலிலிருந்த முத்துக்கல், கரபொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் பலரைக் கொன்றனர். இரு தரப்பிலும் பலியானவர்களுள் குழந்தைகள் இருந்தனர். கொலைக்குக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர்கூட முத்துக்கல்லில் தண்டிக்கப்படவில்லை. அங்கு மாண்டவர்கள் அப்பாவிகள்.

ஒரு சமூகத்தின் கையில் மட்டும் துப்பாக்கியைக் கொடுப்பது பொலிஸும் மக்களும் இணைந்து செயற்படுதல் ஆகாது. அது அச்சத்தை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு இடம் மாற்றுவதேயாகும்.

“காட்டிக்கொடுத்தல்” என்ற சொல்

அந்த ஆண்டுகள் நம் நாவில் ஒரு சொல்லை விட்டுச் சென்றன: காட்டிக்கொடுத்தல். சுற்றிவளைப்பின்போது ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவர். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்தில் இருப்பார். அவரைத் தலையாட்டி என்றனர். அவர் தலையசைத்தால் அந்த வாலிபன் கொண்டு செல்லப்படுவான். என்ன குற்றம், என்ன சாட்சி என்று கேட்பாரில்லை. பழைய பகைக்காகவும் தலைகள் அசைந்தன. எனவேதான் நம் பகுதியில், தமிழராயினும் முஸ்லிமாயினும், பொலிஸுக்குத் தகவல் சொல்வது இழிசெயலாகக் கருதப்படலாயிற்று. பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் புகட்டிய முதற் பாடம், “கண்டதைக் கண்டேன் என்று சொல்லாதே” என்பதாகும்.

அந்தப் பாடம் உயிர் காக்கும் அறிவாக இருந்த காலம் ஒன்றிருந்தது. பின்னாளில் அதுவே உயிர் பறிக்கும் மௌனமாகவும் மாறியது.

2017 முதல் 2019 வரை

2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரான் ஹாஷிமின் தரப்பினருக்கும், அவர்கள் வழிகேடர் எனத் தூற்றி வந்த ஸூபிப் பிரிவினருக்கும் இடையே மோதல் மூண்டது. வாள்கள் உருவப்பட்டன, பலர் காயமுற்றனர். சிலர் கைதாகினர், ஸஹ்ரான் தலைமறைவானார். பிடியாணை பிறப்பிக்கப்பட்டும் அவர் பிடிபடவில்லை. அவருடைய வெறுப்புப் பேச்சுகளைப் பற்றி முஸ்லிம்கள் பல தடவை அதிகாரிகளுக்கு எடுத்துரைத்திருந்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே புலனாய்வுத் துறையினரிடம் தெரிவித்ததாக இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் உப தலைவர் 2019 ஏப்ரலில் ஊடகங்களுக்குக் கூறினார்.

2018 நவம்பர் இறுதியில், புளியந்தீவிலிருந்து வாவியைக் கடந்து செல்லும் வழியில், வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரு பொலிஸ் கொஸ்தாபல்கள் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனடியாக முன்னாள் போராளிகள் மீது விழுந்தது. குற்றமற்ற ஒருவர் பல மாதங்கள் சிறையில் வாடினார். உண்மையில் அக்கொலையைச் செய்தவர்கள் ஸஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரே வெளியாயிற்று. ஆதாரத்தைப் பின்பற்றாமல் இனத்தைப் பின்பற்றிய விசாரணை, உண்மைக் குற்றவாளிகளுக்கு ஐந்து மாத அவகாசத்தை அளித்துவிட்டது.

2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, சந்தேக நபர்களைக் கண்டறிய அங்குள்ள முஸ்லிம்களே உதவினர். அவ்விசாரணை 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுத் தென்னந்தோட்டம் வரை சென்று, பெருந்தொகை வெடிபொருட்களை வெளிக்கொணர்ந்தது. விசாரணைக்கு உதவிய முஸ்லிம் சகோதரர் ஒருவர் 2019 மார்ச்சில் தம் வீட்டில் உறங்குகையில் சுடப்பட்டு நிரந்தரமாக உடல் செயலிழந்தார். உண்மை சொன்னவருக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவில்லை.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்தது. அது கடிதங்களாக மேசைக்கு மேசை சென்றது, தேவாலயங்களைச் சென்றடையவில்லை. ஏப்ரல் 21 காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில், ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகளின் நடுவே காத்தான்குடியைச் சேர்ந்த ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். அவனை முற்றத்திலேயே தடுத்துக் கேள்வி கேட்ட ஒரு தந்தை அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அவர் தடுத்திராவிடின் உள்ளே நிறைந்திருந்த சபையும் மாண்டிருக்கும். அங்கு முப்பது பேரளவில் மடிந்தனர். அவர்களுள் பலர் சிறுவர். நாடு முழுவதிலும் 260க்கும் மேற்பட்டோர் பலியாகினர். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் உயர் பாதுகாப்பு அதிகாரிகளும் கடமை தவறினர் எனத் தீர்ப்பளித்து, அவர்கள் 31 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது.

நேயர்களே! ஊர் சொல்லியது, அதிகாரம் கேட்கவில்லை. இது முழுமையான உண்மையா? பாதி உண்மை. ஊரிலும் எல்லோரும் சொல்லவில்லை. பயிற்சிக்குச் சென்ற பிள்ளை, வீட்டைத் துறந்த மகன், திடீரென மாறிய பேச்சு, கணக்கில்லாத பணம் ஆகியவற்றைக் கண்ட குடும்பங்கள் சில மௌனமாயிருந்தன. மானம் போய்விடும் என அஞ்சினர். பொலிஸிடம் சொன்னால் பிள்ளை திரும்பமாட்டான் என அஞ்சினர். முதல் அச்சம் வீணானது. இரண்டாம் அச்சத்துக்கு 1990இன் வரலாறு காரணமாயிருந்தது.

சாய்ந்தமருதில் ஓர் இரவு

ஐந்து நாட்களின் பின்னர், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருது பொலிவேரியன் கிராமத்தில் வேறொன்று நடந்தது. அது சுனாமியால் வீடிழந்தோருக்காக எழுந்த குடியேற்றம். அங்கு ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தோரின் போக்கில் அயலவருக்கு ஐயம் எழுந்தது. பள்ளிவாசலைச் சேர்ந்தோரும் ஊரவரும் சென்று விசாரித்தனர். உள்ளிருந்தோர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினர். ஊரவர் ஓடிச் சென்று பொலிஸுக்கு அறிவித்தனர். படையினர் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் சிறுவர்களுமாகப் பதினைந்து பேர் வரை மாண்டனர். அவ்வீட்டில் இருந்த வெடிபொருட்கள் இன்னும் எத்தனை வணக்கத்தலங்களுக்காகக் காத்திருந்தன என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இங்கே தலையாட்டியின் முகமூடி இல்லை. அறிந்தவர்கள் தம் முகத்தோடு, தம் பெயரோடு முன்வந்தனர். அவர்கள் சொன்னது ஒருவரின் கொள்கையைப் பற்றியோ தாடியைப் பற்றியோ அன்று. கண்ணால் கண்ட அபாயத்தைப் பற்றியேயாகும். காட்டிக்கொடுத்தலுக்கும் காப்பாற்றுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இஸ்லாமிய வரலாற்றின் வெளிச்சம்

நுபுவ்வத்துக்கு முன்னர் மக்காவில் யமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளைச் செல்வாக்குள்ள ஒருவர் அபகரித்தபோது, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் சில குலத்தார் கூடி, அநீதியிழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். ஹில்ஃபுல் ஃபுழூல் எனப்படும் அவ்வுடன்படிக்கையில் வாலிபராயிருந்த நம் நபி (ஸல்) அவர்களும் பங்குபற்றினார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அதற்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்ற கருத்தில் அதனைப் போற்றினார்கள்.

ஹிஜ்ரத்தின் பின்னர், கி.பி. 622இல் எழுதப்பட்ட மதீனா சாசனம், முஸ்லிம்களையும் யூதர்களையும் நகரின் பாதுகாப்பில் பங்காளிகளாக்கியது. குழப்பம் விளைவிப்பவனுக்கு உதவுவதும் புகலிடம் அளிப்பதும் ஆகாது என அதில் ஒரு விதி இருந்தது. “அவன் நம்முடையவன்” என்பது புகலிடத்துக்குப் போதிய காரணமாக ஏற்கப்படவில்லை.

கைஸ் பின் ஸஃது (ரழி) அவர்கள் நபியவர்களிடத்தில் ஒரு காவல் தலைவரைப் போன்று இருந்தார்கள் என்ற கருத்திலான அறிவிப்பை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் இரவில் மதீனாத் தெருக்களில் ரோந்து சென்றார்கள். அவ்வாறான ஓர் இரவில் ஒரு வீட்டிலிருந்து ஆரவாரம் கேட்டது. உள்ளே மது அருந்துகின்றனர் என உமர் (ரழி) எண்ணியபோது, உடனிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள், பிறர் குறையைத் துருவித் தேடுவது தடுக்கப்பட்டதென நினைவூட்ட, இருவரும் திரும்பிச் சென்றனர் என வரலாறு கூறுகிறது. காவல் வேண்டும், ஆனால் மனிதரின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் காவல் வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்ற அறிகுறி தெரிந்தால் மௌனம் ஆகாது. அறிகுறி இன்றி ஒற்றுக் கேட்பதும் ஆகாது.

உலக அனுபவங்கள்

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1992இல் கொல்லப்பட்ட வாலிபன் ஒருவனின் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்குள்ளேயே கும்பல் புகுந்து ஒருவனைக் குத்தியது. அதன் பின்னர் போதகர்கள் பலர் ஒன்றுகூடி இரவில் தெருவில் இறங்கினர். பொலிஸைக் கடுமையாக விமர்சித்து வந்த அவர்களே பின்னர் பொலிஸுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். 1996இல் தொடங்கிய திட்டத்தின்படி, வன்முறையில் ஈடுபட்ட வாலிபர்களை நேரில் அழைத்து, “சுட்டால் சட்டம் முழுமையாகப் பாயும், விட்டால் தொழிலும் கல்வியும் தருவோம்” என்ற கருத்தில் பேசினர். வாலிபர் கொலைகள் அறுபது சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்ததாக ஆய்வு காட்டியது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005இல் பொலிஸாரே வன்முறைக் குறைப்புப் பிரிவொன்றை அமைத்து, கத்திக்குத்தை ஒரு தொற்றுநோய் போலக் கருதி வைத்தியர், ஆசிரியர், பெற்றோரோடு இணைந்து தடுக்க முனைந்தனர்.

நமக்கு அண்மையில், தமிழகத்து இராமநாதபுரத்தில் 1993இல் பிரதீப் பிலிப் என்ற காவல் அதிகாரி காவல்துறை நண்பர்கள் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அது மாநிலமெங்கும் பரவியது. ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி மரணித்தபோது, அவ்வமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதம் தமிழக அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. கேள்வி கேட்பாரின்றிப் பொலிஸின் கையாளாக மாறும் தொண்டன், ஊருக்கு நண்பனாக நிலைப்பதில்லை.

இலங்கையிலும் போருக்குப் பின்னர் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவை எங்கு இரு சமூகத்தாரையும் ஒன்றாக அமர்த்தினவோ அங்கு பயனுண்டு. வரவேற்புக் கூட்டத்தில் மாலை போடுவதோடு நின்ற இடங்களில் பயனில்லை.

நம்பிக்கைக்கு இரு கரைகள்

பொலிஸிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே 13இல் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பாதுகாப்புப் படையினர் பார்த்து நின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். காரணம் அவர் எழுதிய தமிழ்க் கவிதை நூல். தீவிரவாதத்தைக் கண்டித்த கவிதைகளும் அந்நூலில் இருந்தன. அந்நூலின் மொழியே தெரியாமல் அவரைத் தீவிரவாதி என்றனர். 2021 டிசம்பரில் பிணையும், 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன. இப்படியான ஒவ்வொரு கைதும், நாளை உண்மை சொல்ல வரவிருக்கும் பத்துப் பேரின் வாயை அடைக்கிறது. ஆகவே ஊர் மொழி பேசும் பொலிஸாரும், சாட்சிக்குப் பாதுகாப்பும், கைது செய்யப்பட்டவரைக் குடும்பம் உடனே காணும் உரிமையும் நாம் கோரும் சலுகைகள் அல்ல. வன்முறையைத் தடுக்கும் வழிகளே அவை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை யாரோடு பழகுகிறான் என்பதை அவனிடமே கேளுங்கள். அவன் ஒரு சமூகத்தார் முழுவதையும் ஒரே சொல்லால் வெறுத்துப் பேசத் தொடங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். வாள் வாங்கும் நாள் அன்று. அந்த முதல் நாளில் தந்தையின் பேச்சும், மாமனின் அணைப்பும், மௌலவியின் விளக்கமும் போதும். அந்நாள் தாண்டினால் நம்பிக்கையாளர் சபையிடம் செல்லுங்கள். உயிராபத்து எனக் கண்டால் பொலிஸிடம் செல்லத் தயங்காதீர்கள். தனியே செல்லாமல் ஒரு சட்டத்தரணியோடும் ஊர்ப் பெரியவரோடும் செல்லுங்கள்.

வாலிபர்களே! அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அநியாயத்திலிருந்து அவனுடைய கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் விளக்கினார்கள். நண்பனின் இரகசியத்தைக் காப்பது நற்பண்பு. கொலைத் திட்டம் இரகசியம் அன்று. அதனை மறைப்பதால் நண்பனும் காப்பாற்றப்படுவதில்லை.

பள்ளிவாசல் நிருவாகிகளே! மரைக்காயரும் வண்ணக்கரும் செய்த பணியை இன்று யார் செய்கின்றனர்? அயலூர்க் கோயில் தலைவரின், தேவாலயப் போதகரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் உண்டா? கலவரம் மூண்ட இரவில் தேடத் தொடங்கினால் கிடைக்காது. பெருநாளிலும் தைப்பொங்கலிலும் நத்தாரிலும் பழகிய பழக்கமே அந்த இரவில் கைகொடுக்கும்.

கப்பலின் கீழ்த்தட்டில் துளையிடுவோரைத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர் என நபியவர்கள் உவமை கூறினார்கள். வாவியில் தோணி தள்ளிப் பிழைக்கும் மக்களாகிய நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒரே தோணியில் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் பறங்கியரும் இருக்கிறோம். துளை எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் தண்ணீர் எல்லோருடைய காலையும் நனைக்கும்.

யா அல்லாஹ்! 1990இலும் 2019இலும் அநியாயமாக உயிர் பறிக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் நீதியையும் வழங்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கரங்களை இரத்தத்திலிருந்து காப்பாயாக! உண்மை அறிந்தோருக்குச் சொல்லும் துணிவையும், அதிகாரம் உடையோருக்குக் கேட்கும் செவியையும் தந்தருள்வாயாக! ஆமீன்.